பீட்டர் வைபலைத் தேடி: வியன்னாவிலிருந்து கார்ல்ஸ்ரூ வரை

செவ்வாய், வியன்னா

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேலை பார்க்கும் மச்சான் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பிராங்க்பர்ட்டில் இறங்கியிருந்தால் நேராக அவன் வீடு. நான் வியன்னாவுக்கு டிக்கெட் போட்டதற்குக் காரணம் பீட்டர் வைபல் என்கிற ஆஸ்திரியக் கலைஞர். என் பிழைப்பு சென்னையில் கண்காட்சிகளுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் புரொஜெக்டர், திரை, டிவி எல்லாம் போட்டுக் கொடுப்பது. அதனால் கலைஞர்களைவிட, கண்காட்சியை அமைக்கும் க்யூரேட்டர்களோடு எனக்குப் பழக்கம் அதிகம். எந்தச் சுவரில் எது வரும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், நடுவில் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மண்டையைக் குடைந்துகொள்வது அவர்கள்தான். அந்த வேலையை ஐரோப்பாவில் மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் வைபல். அவர் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே மச்சான் வீட்டுக்குப் போவதுதான் திட்டம்.

1944இல் ஒடெஸாவில் பிறந்து, போருக்குப் பின் மேல் ஆஸ்திரியாவில் வளர்ந்தவர். அறுபதுகளின் நடுவில் மருத்துவம் படிக்க வியன்னா வந்து, கணிதத்துக்கும் தர்க்கவியலுக்கும் தாவினார். எந்தப் படிப்பையும் விட ஊர் வம்பில்தான் அதிகம் இருந்தார் என்று தோன்றுகிறது.

காலையில் கெர்ன்ட்னர் தெருவில் நடந்தேன். கைப்பைக் கடை, கடிகாரக் கடை, ஐஸ்கிரீம் வரிசை. 1968இல் இதே தெருவில் வாலி எக்ஸ்போர்ட் என்ற பெண் கலைஞர் வைபலின் கழுத்தில் நாய்ப்பட்டை மாட்டி, அவர் நாலு காலில் தவழ்ந்து வர, கையில் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். புகைப்படத்தில் சுற்றிலும் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்களுக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடத்துக்குப் போனேன். பெயரில்தான் புதியது, அறுபதுகளில் கட்டியது. 1968 ஜூன் 7 அன்று இங்கே ஒரு விரிவுரை அரங்கில் 'கலையும் புரட்சியும்' என்று ஒரு கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் மேடையிலேயே ஆடை அவிழ்ப்பும் மலம் கழிப்புமாக, நாட்டையே அதிரவைத்த கூட்டம். அதில் பங்கேற்ற கலைஞர் கூன்டர் ப்ரூஸுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்து, அவர் மேற்கு பெர்லினுக்குத் தப்பிப் போனார். அன்று பேசியவர்களில் வைபலும் ஒருவர். இப்போது அங்கே மாணவர்கள் காபிக் கோப்பையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நினைவுப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இவ்வளவு ரகளை செய்தவர் எப்படி கார்ல்ஸ்ரூவின் இசட்கேஎம் என்ற, அரசுப் பணத்தில் ஓடும் பெரிய கலை நிறுவனத்தின் தலைவர் ஆனார் என்று பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு காரணம் சொல்கிறேன். 1969இல் வைபல் ஒரு டிவிப் படைப்பை யோசித்தார். டிவியில் ஒருவர் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அந்த டிவியிலும் ஒருவர் டிவி பார்க்கிறார். இப்படி உள்ளே உள்ளே போகிறது. கடைசி டிவியில் படம் கோளாறாகிறது. அதைப் பார்ப்பவர் எழுந்து சரி செய்கிறார். உடனே அடுத்தவரின் டிவி கோளாறாகிறது. அவரும் எழுந்து சரி செய்கிறார். கோளாறு ஒவ்வொரு படியாக வெளியே வந்து, கடைசியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நிஜப் பார்வையாளரின் டிவியையே பிடித்துக்கொள்கிறது. அவரும் எழுந்து போய்த் திருக வேண்டியதுதான். 1972இல் ஆஸ்திரிய அரசுத் தொலைக்காட்சியே இதை ஒளிபரப்பியது.

டிவி ரிப்பேர் பார்த்துத் தொழிலுக்கு வந்த என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடையாது. ஆனால் கவனியுங்கள்: ஒளிபரப்பு நிலையம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் படைப்பே இல்லை. ஓவியர் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே வரையலாம். டிவியை வைத்துக் கலை செய்கிறவருக்குக் கரண்ட் வேண்டும், கருவி வேண்டும், கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நிறுவனம் வேண்டும். இது அவருக்கு இளம் வயதிலேயே புரிந்துவிட்டது என்பது என் கணக்கு. 1984இல் வியன்னா பயன்பாட்டுக் கலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு ஏதாவது ஒரு நாற்காலியில் அவர் இல்லாத வருஷமே இல்லை.

புதன், லின்ஸ்

வியன்னாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லின்ஸ் இரும்பாலை ஊர். தேனிலவுக்கு யாரும் வர மாட்டார்கள். மின்னணுக் கலையின் உலகத் தலைநகர் ஒன்று இங்கே முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். வியன்னாவோடும் சால்ஸ்பர்க்கோடும் மொசார்ட்டை வைத்துப் போட்டி போட முடியாது அல்லவா.

1979 செப்டம்பர் 18 அன்று ஆர்ஸ் எலக்ட்ரோனிக்கா விழா தொடங்கியது. உள்ளூர் வானொலி-தொலைக்காட்சி நிலையத் தலைவர் ஹான்னெஸ் லியோபோல்ட்ஸேடர், இசைக்கலைஞர் ஹூபர்ட் போக்னர்மாயர், இயற்பியல் படித்து அறிவியல் புனைகதை எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராங்கே, இசைத் துறைக்காரர் உல்ரிஷ் ரூட்ஸெல் என்று நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. டான்யூப் கரைப் பூங்காவில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து இசையமைப்பாளர் ப்ரூக்னரின் எட்டாம் சிம்பொனியை ஒலிக்கவிட்டார்கள். ஊர்க்காரர்களிடம் வீட்டு வானொலிப் பெட்டியை ஜன்னலில் வைக்கச் சொன்னார்கள். திரண்ட கூட்டம் சுமார் ஒரு லட்சம் என்கிறார்கள்.

விழாவுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஊரெங்கும் லாரி, கேபிள் சுருள், முதுகில் நிகழ்ச்சிப் பெயர் போட்ட டி-ஷர்ட் பையன்கள். எனக்கு விழாவைவிட இதுதான் பிடித்தது. ஒரு சந்தில் நின்று அவர்கள் ஸ்பீக்கர் ஏற்றுவதை அரை மணி நேரம் பார்த்தேன். பெல்ட் கட்டும் முறை நம்மவர்களைவிடச் சுத்தம், வேகம் குறைவு.

வைபல் 1986இலிருந்து 1995 வரை இந்த விழாவின் கலைப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளின் தலைப்புகளைப் பாருங்கள். 1990இல் மெய்நிகர் உலகங்கள். 1993இல் மரபணுக் கலையும் செயற்கை உயிரும். 1994இல் அறிவுள்ள சூழல்கள், அதாவது நம்மைப் புரிந்துகொண்டு நடக்கும் வீடும் அறையும். 1995இல் இணையம். அப்போது சென்னையில் பாதிப் பேர் டிரங்க் கால் போட எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்றோம். வைபல் ஜோசியம் சொல்லவில்லை; ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பதைப் பத்து வருஷம் முன்னாலேயே ஊர்ச் சதுக்கத்துக்கு இழுத்து வந்தார்.

அவருடைய மாணவர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிராங்க்பர்ட்டில் 1989இல் அவர் ஒரு புதிய ஊடகக் கழகம் தொடங்கினார். தாவரவியலும் சிற்பமும் படித்த கிறிஸ்டா ஸோம்மரர் அங்கே வந்தார். வீடியோக் கலை தெரிந்த லோரான் மினியோனோவும் வந்தார். 1992இல் இருவரும் சேர்ந்து நிஜச் செடிகளை வைத்து ஒரு படைப்பு செய்தார்கள். பார்வையாளர் செடியிடம் கையைக் கொண்டுபோனால் மின்னழுத்த மாற்றத்தைக் கணினி உணர்ந்து, திரையில் கணினிச் செடிகள் தளிர்க்கும். இரண்டு வருஷம் கழித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் நாம் வரைந்த பிராணிகள் நீந்தும் இன்னொரு படைப்புக்கு இதே லின்ஸ் விழாவின் கோல்டன் நிக்கா பரிசு வாங்கினார்கள். பிறகு இந்த ஊர்க் கலைப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியர்களாக வந்துவிட்டார்கள். க்யூரேட்டர் என்றால் சுவரில் மாட்டுவதைத் தேர்ந்தெடுப்பவர் என்று நினைத்தால் இந்த வேலை அதில் அடங்காது. ஆளைக் கண்டுபிடித்து, அவருக்கு மேசையும் கணினியும் கொடுத்து, படைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கோல்டன் நிக்கா 1987இலிருந்து கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் வாங்கியவர்களில் அனிமேஷன் கம்பெனி பிக்ஸாரின் ஜான் லாஸெட்டரும் உண்டு. 1999இல் லினக்ஸுக்குக் கொடுத்தார்கள். ஓர் இயங்குதளத்துக்குக் கலைப் பரிசு என்றதும் நடந்த சண்டையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கொடுத்தது சரிதான் என்பேன்.

மாலையில் டான்யூப் பாலத்தைத் தாண்டி ஆர்ஸ் எலக்ட்ரோனிக்கா மையம். டீப் ஸ்பேஸ் என்ற அறையில் 16 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரச் சுவர். தரையிலும் அதே அளவுக்குப் படம். நான் படத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு புரொஜெக்டர் படம் சேரும் இடத்தில் கோடு தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தை என்னை விநோதமாகப் பார்த்தது.

வியாழன், ரயிலில்

லின்ஸிலிருந்து கார்ல்ஸ்ரூ ஆறு மணி நேரத்துக்கு மேல். மியூனிக்கில் வண்டி மாற வேண்டும். முதல் வண்டி தாமதம், அதனால் இரண்டாவது போய்விட்டது. அடுத்ததுக்கு நேரம் இருந்ததால் ஸ்டாகுஸ் சதுக்கம் வரை நடந்து போனேன். 1968இல் இங்கேதான் வாலி எக்ஸ்போர்ட் மார்பில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். திரைக்குப் பதில் ஒரு துணி, பார்ப்பதற்குப் பதில் உள்ளே கைவிட்டுத் தொடுவது, அதுதான் 'சினிமா'. தொடுகிறவர் எல்லார் எதிரிலும் அவர் கண்ணைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வைபல் மெகாபோனில் கூவிக் கூட்டம் சேர்த்தார். படைப்பு முழுக்க வாலி எக்ஸ்போர்ட்டுடையது, வைபல் கூட்டம் கூட்டியவர்; அதை அவரவர் கணக்கில் சரியாகப் போட வேண்டும். வைபலின் பிற்கால வேலை என்ன என்று கேட்டால் அந்த மெகாபோனைத்தான் காட்டுவேன்.

ரயிலில் உட்கார்ந்து 1993ஐ மட்டும் எழுதிப் பார்த்தேன். வியன்னாவில் பேராசிரியர். பிராங்க்பர்ட்டில் கழக இயக்குநர். லின்ஸில் விழாத் தலைவர். கிராஸ் நகரில் நோயே கலரி என்ற கலைக்கூடத்தின் க்யூரேட்டர். போதாதென்று நாடுகள் தனித்தனி அரங்கு போடும் வெனிஸ் பினாலே கலை விழாவில் ஆஸ்திரிய அரங்கின் பொறுப்பாளர். அங்கே போய் அமெரிக்கரான ஆண்ட்ரியா ஃப்ரேஸரையும் சுவிஸ்காரரான கிறிஸ்டியான் பிலிப் முல்லரையும் ஓர் ஆஸ்திரியரோடு சேர்த்து நிறுத்தினார். தேசத்தின் அரங்கில் வெளிநாட்டுக்காரர்களா என்று சத்தம் போட்டார்கள். ஒரே ஆள் இத்தனை வேலையை ஒழுங்காகச் செய்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். எங்கோ ஓர் அறையில் யாரோ ஓர் உதவியாளர் தூங்காமல் கிடந்திருப்பார். அந்தப் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் வராது.

மச்சான் ஸ்டேஷனில் காத்திருந்தான். "என்ன அத்தான், அக்கா இல்லாம தனியா வந்தா இப்படித்தான், வண்டியை விடுவீங்க" என்றான். ரசம் வைத்திருந்தான். நல்ல ரசம்.

வெள்ளி, கார்ல்ஸ்ரூ, இசட்கேஎம்

டிராம் நம்பர் 2. இறங்கியதும் நீலக் கண்ணாடிப் பெட்டி ஒன்று நிற்கிறது, ஒலிப்பதிவுக் கூடம். அதன் பின்னால் கட்டடம் நீண்டுகொண்டே போகிறது. 312 மீட்டர். உள்ளே கண்ணாடிக் கூரை போட்ட பத்து முற்றங்கள். முதல் உலகப் போரின்போது கட்டிய வெடிமருந்து, ஆயுதத் தொழிற்சாலை இது. இரண்டாம் போரில் ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்களை இங்கே வேலை வாங்கினார்கள்.

இசட்கேஎம் என்றால் கலை, ஊடகத் தொழில்நுட்ப மையம். 1989இல் இதைத் தொடங்கியவர் ஹைன்ரிஷ் க்ளோட்ஸ், கட்டடக்கலை வரலாற்றாளர். ரயில் நிலையத்தின் பின்னால் டச்சுக் கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸ் வரைந்த ஒரு பிரம்மாண்டக் கனசதுரத்தில் இது வந்திருக்க வேண்டும். போட்டியில் ஜெயித்த அந்தத் திட்டத்தைச் செலவு தாங்காது என்று 1992இல் கைவிட்டார்கள். கடைசியில் 1997இல் இந்தப் பழைய ஆலையில் குடியேறினார்கள். நல்லதாயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது. தூண், இரும்பு, வெளிச்சம், லாரி வந்து போகும் அகலம். கேபிள் போடுகிறவனுக்கு ஆலைதான் அரண்மனை. 1999இல் வைபல் பொறுப்பேற்றார். 24 வருஷம் இருந்தார்.

வந்த வருஷமே இணையக் கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி. 2002இலும் 2005இலும் தத்துவவாதி ப்ரூனோ லாத்தூரோடு சேர்ந்து இரண்டு. இரண்டாவதன் நூல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். கடையில் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டேன், விமானக் கம்பெனி என்னைத்தான் கேட்கும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வைபல் எதையும் குறைவாகச் செய்யத் தெரியாதவர். அவருடைய கண்காட்சிகளின் படங்களைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. ஒரு சுவரில் நாலு விஷயம், நாலுக்கும் நாலு பத்தி விளக்கம். இரண்டு மணி நேரத்தில் கால் வலிக்கும் பார்வையாளரைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே விதிவிலக்கு 2017இல் தொடங்கிய 'ஓப்பன் கோட்ஸ்'. நிரலாக்கம் பற்றிய கண்காட்சி அது. அனுமதி இலவசம், பழமும் குடிக்கத் தண்ணீரும் இலவசம், நடுவில் பிங்பாங் மேசை, யார் வேண்டுமானாலும் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மச்சான் அப்போது புதிதாக வந்தவன். "அத்தான், வீட்ல வைஃபை வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருந்தேன். கலைன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

நான் பார்க்க வந்தது பழைய படைப்புகளை. ஜெஃப்ரி ஷா என்ற ஆஸ்திரேலியர் 1989இல் செய்த சைக்கிள். நிற்கும் சைக்கிளில் ஏறி மிதித்தால் எதிரே திரையில் நகரம் நகரும். கட்டடங்களுக்குப் பதில் எழுத்துகள். படித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போகலாம். மன்ஹாட்டன், ஆம்ஸ்டர்டாம், கார்ல்ஸ்ரூ என்று மூன்று ஊர். மன்ஹாட்டன் எழுத்துகளில் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டும் பேசுகிறார், டொனால்ட் டிரம்ப்பும் பேசுகிறார். 1989இல் அது வெறும் கட்டட முதலாளியின் பெயர்!

மிதித்துப் பார்த்தால் பிரமாதமாக ஓடுகிறது. ஆனால் கேள்வி, எப்படி இன்னும் ஓடுகிறது? முதலில் இது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் ஓடியது. அந்தக் கம்பெனியே பிற்பாடு திவாலாகிவிட்டது. பழைய இயந்திரங்களை வாங்கிச் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகச் சாகும். நிரலை லினக்ஸுக்கு மாற்றி எழுதலாம், ஆனால் புதிய கணினி வேகமானது; எழுத்தின் ஓரங்கள் மழமழவென்று வந்தால் 1989இல் பார்த்த படம் அது இல்லையே. 2010இல் ஐரோப்பியப் பணத்தில் டிஜிட்டல் கலையைப் பாதுகாப்பது பற்றி இசட்கேஎம் தலைமையில் ஓர் ஆய்வே நடந்தது. அதில் இந்தச் சைக்கிளும் ஒரு நோயாளி. இரண்டு வழியையும் செய்து பார்த்தார்கள்.

பழைய வீடியோ அமைப்புகளுக்கென்று இங்கே ஒரு பணிமனையும் இருக்கிறது. உலகத்தில் யாரும் இனி ஓட்ட முடியாத டேப்புகள் இங்கே வருகின்றன. அரை அங்குலத் திறந்த சுருள், யூ-மேடிக், இன்னும் பெயர் மறந்துபோன வகைகள். எழுபது, எண்பதுகளின் டேப்பில் காந்தத் தூளை ஒட்டவைத்த பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் படத்தோடு தூளும் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அதனால் டேப்பை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, ஒரே ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுப்பார்கள். சேவைக்கூடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில் கல்யாண வீடியோக்களை இப்படிக் காப்பாற்றத் தெரியாமல் குப்பையில் போட்டிருக்கிறார்கள், என் கண்ணெதிரே.

பிக்சர் டியூப் இன்னொரு தலைவலி. கொரிய வீடியோக் கலைஞர் 'நாம் ஜூன் பைக்' போன்றவர்கள் பழைய டிவிப் பெட்டிகளை அடுக்கிச் செய்த படைப்பில் தட்டை டிவியைச் செருக முடியாது. டியூப் செய்யும் ஆலைகள் மூடிவிட்டன. ரிச்சி தெருவில் என் நண்பர்கள் கடையில் இன்னும் சில பெட்டிகள் தூசியோடு இருக்கும். இங்கே அது வேறு விலை.

ஓர் அறையில் வைபலே 1973இல் செய்த படைப்பு. வட்டமாக மூன்று கேமரா, மூன்று மானிட்டர். நடுவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் முதுகுதான் தெரியும். முகத்தைப் பார்க்கவே முடியாது. மச்சான் மூன்று சுற்று சுற்றினான். "முடி கொட்டிடுச்சு அத்தான்" என்றான்.

சனி, கார்ல்ஸ்ரூ ஊர்

இது 1715இல் ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். அரண்மனைக் கோபுரத்திலிருந்து 32 தெருக்கள் கதிர்களாகப் புறப்படுகின்றன. கையில் மேப் இல்லாமலே நடக்கலாம், எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம் வந்துவிடும். மிதிவண்டியின் முன்னோடியைச் செய்த கார்ல் ட்ரைஸ் பிறந்த ஊர். ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைப் பிடித்துக் காட்டியது இங்கே, 1880களில். ஜெர்மனிக்கு வந்த முதல் இணைய மின்னஞ்சல் 1984 ஆகஸ்ட் 3 அன்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் இறங்கியது. 2019இல் யுனெஸ்கோ ஊடகக் கலை நகரம் என்று பட்டம் கொடுத்தது.

இரவு அரண்மனை. ஊருக்கு 300 வயதானபோது 2015இல் வைபல் தொடங்கிவைத்த ஒளிக்காட்சி, இப்போது வருஷா வருஷம் ஆகஸ்ட் நடுவில் தொடங்கிச் சில வாரம் நடக்கிறது. அரண்மனையின் முகப்பு முழுக்கத் திரை. முகப்பு நேராக இல்லை, இரண்டு பக்கமும் சிறகுகள் மடங்கி வருகின்றன. நூற்றுக்கணக்கான ஜன்னல். ஒவ்வொரு ஜன்னல் விளிம்பிலும் படம் துல்லியமாக உட்கார வேண்டும். சுவர் இடிந்து விழுவதுபோல் ஒரு காட்சி வந்தபோது கூட்டம் 'ஓ' என்றது. நானும்தான், தொழில் தெரிந்தும்.

புல்வெளியில் போர்வை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் கிடையாது. "நம்ம ஊர் திருவிழாவுல கோபுரத்துக்கு சீரியல் லைட் போடற மாதிரிதானே அத்தான், இதுல கலை எங்க இருக்கு?" என்று மச்சான் வம்புக்கு இழுத்தான். இங்கேயே விமர்சகர்கள் சிலர் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்களாம், வெறும் வாணவேடிக்கை என்று. சில துண்டுகள் அப்படித்தான் இருந்தன. கண் கூசியதும் மறந்துபோயின. ஆனால் ஆயிரம் பக்க நூல் போட்டவரே பாயும் பீர் பாட்டிலுமாக உட்காரும் கூட்டத்துக்கும் ஒன்று செய்தார். இரண்டும் ஒரே ஆளின் வேலை என்பதை மச்சான் நம்பவே இல்லை.

2023 மார்ச் மாதக் கடைசியில் பதவி முடித்து வியன்னா திரும்புவதாக இருந்தார். மார்ச் 1 அன்று இறந்துபோனார். 79 வயது முடிய நாலு நாள் பாக்கி. அடுத்த மாதம் இங்கிலாந்திலிருந்து அலிஸ்டர் ஹட்ஸன் இயக்குநராக வந்தார்.

ஞாயிறு, கிளம்பும் முன்

பின்னால் வருகிறவர்களுக்கு: இசட்கேஎம் திங்களும் செவ்வாயும் பூட்டு, லின்ஸ் மையம் திங்கள் பூட்டு. திட்டம் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இசட்கேஎம்முக்கு அரை நாள் போதாது. உள்ளே கலைக் கல்லூரி ஒன்றும் நகராட்சிக் கலைக்கூடமும் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. விழா சமயத்தில் லின்ஸில் அறை கிடைப்பது கஷ்டம், ஒரு வாரம் முன்னால் போனால் என்னைப் போல ஸ்பீக்கர் ஏற்றுவதையாவது பார்க்கலாம். மியூனிக்கில் வண்டி மாறுவதாக இருந்தால் ஒரு மணி நேர இடைவெளி வைத்துப் பதிவு செய்யுங்கள். படங்களை ஊருக்குப் போய் ஏற்றுகிறேன்; மச்சான் வீட்டு இணையம் இன்று காலையிலிருந்து வரவில்லை, இதை அவன் போனிலிருந்து போடுகிறேன்.